இறால் குட்டைக்கு இனிப்பு: அளவும் நேரமும்



நெல்லுக்கு மேலுரம் இடுவதைப் பற்றியும், வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் பற்றியும் இந்தப் பகுதியில் பல தடவை பேசியிருக்கிறோம். இன்றைக்குக் கொஞ்சம் கடலோரத்துப் பக்கம் போவோம். பொன்னேரி, மரக்காணம், சீர்காழி, வேதாரண்யம், பட்டுக்கோட்டை, தூத்துக்குடி என்று உப்புத் தண்ணீர் கிடைக்கிற இடங்களில் இறால் குட்டை வைத்திருக்கும் விவசாயிகள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பலர் குட்டையில் மொலாசஸ் ஊற்றுகிறார்கள். சிலர் வெல்லம் கரைத்து விடுகிறார்கள். வேறு சிலர் தவிட்டை ஈஸ்ட்டோடு ஊறவைத்துத் தெளிக்கிறார்கள்.

"எதற்காக ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டால், "பக்கத்துக் குட்டைக்காரர் ஊத்தினார், தண்ணி நல்லா இருக்குன்னு சொன்னார், நானும் ஊத்தினேன்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. பக்கத்துக்காரரைப் பார்த்துச் செய்வதில் தப்பில்லை. ஆனால் அவர் குட்டையில் எத்தனை ஏரேட்டர் ஓடுகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போடுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அதைப் பார்க்காமல் ஊற்றினால், மூன்று மாதம் கண்விழித்து வளர்த்த இறால் ஒரே ராத்திரியில் போய்விடும். ஆகவே இந்த இனிப்பு குட்டைக்குள் போய் என்ன செய்கிறது, எவ்வளவு ஊற்றலாம், எப்போது ஊற்றவே கூடாது என்பதை இன்று பார்ப்போம்.

தண்ணீரை மாற்றினால் போதாதா?

"தண்ணி கெட்டா மாத்திட்டுப் போறது, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். உப்பாற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் நல்ல தண்ணீரை ஏற்றுவார்கள். கெட்ட தண்ணீரை அதே வாய்க்காலில் இறக்குவார்கள். நமக்குக் கழிவாக இருந்தது கீழே இருப்பவருக்கு வரவு ஆயிற்று.

1994, 1995 ஆண்டுகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து டைகர் இறால் வளர்ப்பை நிலைகுலைய வைத்தது. அந்த நோயின் வைரஸ் ஏற்றுகிற தண்ணீரோடும், அதில் கலந்து வருகிற நண்டு, சிற்றிறால் போன்றவற்றோடும் குட்டைக்குள் நுழையும். இன்னொரு பக்கம், குட்டைகளின் உப்புநீர் பரவிக் குடிநீர்க் கிணறும் நெல் வயலும் கெடுகின்றன என்று கடலோர மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்பு வழங்கியது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2009-ல் வெனாமி இறாலை வளர்க்க அனுமதி கிடைத்தது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீரை அடிக்கடி மாற்றினால் நோயை விலைக்கு வாங்குகிறோம். கெட்ட தண்ணீரை அப்படியே வெளியே விட்டால் பக்கத்து வயல்காரர் வயிற்றில் அடிக்கிறோம். எனவே குட்டைத் தண்ணீரைக் குட்டைக்குள்ளேயே திருத்துவதுதான் முதல் வழி. தண்ணீர் மாற்றுவது அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய வழி. இந்த இடத்தில்தான் மொலாசஸ் வருகிறது.

கெடுதல் எங்கிருந்து வருகிறது?

குட்டைத் தண்ணீர் தானாகக் கெடுவதில்லை. நாம் போடுகிற தீவனம்தான் அதைக் கெடுக்கிறது. இறால் தீவனத்தில் புரதம் அதிகம். நூற்றுக்கு 35 பங்கு புரதம் உள்ள தீவனம் சாதாரணமாகக் கிடைக்கிறது. புரதம் என்றால் அதற்குள் தழைச்சத்து இருக்கிறது. நீங்கள் நெல்லுக்கு யூரியாவாக இடுகிற அதே தழைச்சத்துதான். போட்ட தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் இறாலின் சதையாக மாறுகிறது. மிச்சமெல்லாம் தின்னாத தீவனமாகவும், சாணமாகவும், செவுள் வழியாக வெளியேறும் அம்மோனியாவாகவும் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது.

அம்மோனியாவுக்கு இரண்டு உருவம் உண்டு. ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது, மற்றொன்று செவுளை எரிக்கிற விஷம். எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. வெயில் காலத்து 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 8 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்குதான் விஷ உருவத்தில் இருக்கும். பி.எச். 9-க்கு ஏறினால் அதுவே ஏறத்தாழ 40 பங்கு ஆகிவிடும். பாசி அடர்ந்த குட்டையில் சாயங்காலம் பி.எச். ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் நன்றாகத் தின்ற இறால் சாயங்காலத் தீவனத்தை மிச்சம் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மோனியாவைக் குறைக்க இயற்கையிலேயே ஒரு வகைப் பாக்டீரியா உண்டு. அது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பொல்லாதவை. நைட்ரேட் அவ்வளவு பொல்லாதது இல்லை. ஆனால் இந்தப் பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகும். புதுக் குட்டையில் போதுமான அளவு வளர்ந்து சேர மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். தீவனமோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது. அதற்குள் குட்டை தாங்க வேண்டும் அல்லவா?

வைக்கோல் சொல்லித் தரும் பாடம்

இப்போது உங்கள் நெல் வயலுக்கு வருவோம். அறுவடை முடிந்த கையோடு, மக்காத வைக்கோலை அப்படியே மடக்கி உழுதுவிட்டு உடனே நடவு செய்தால் என்ன ஆகும்? பயிர் வெளுத்து மஞ்சளாக நிற்கும். ஏன்? வைக்கோலில் 60 முதல் 80 பங்கு கரிச்சத்துக்கு 1 பங்கு தழைச்சத்துதான் இருக்கிறது. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களின் உடம்புக்கோ 4 அல்லது 5 பங்கு கரிச்சத்துக்கு 1 பங்கு தழைச்சத்து வேண்டும். வைக்கோலில் போதிய தழைச்சத்து கிடைக்காததால், அவை மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்கின்றன. பயிர் பட்டினி கிடக்கிறது. இதனால்தான் வைக்கோலை மக்கவைத்து இடுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

நெல் வயலில் நட்டமாகப் போகிற அதே வேலையை இறால் குட்டையில் நாம் வேண்டுமென்றே நடத்துகிறோம். அவ்வளவுதான் விஷயம். குட்டையில் தழைச்சத்து வேண்டாத அளவுக்குக் கிடக்கிறது, கரிச்சத்துதான் குறைவு. மொலாசஸ், வெல்லம், மரவள்ளி மாவு, தவிடு ஆகிய எல்லாவற்றிலும் கரிச்சத்து நிறைய உண்டு. அதைக் கொடுத்ததும், கரிச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகுகின்றன. இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களே, அந்த வேகம். பெருகும்போது உடம்பு கட்டுவதற்காகத் தண்ணீரில் உள்ள அம்மோனியாவை எடுத்துக்கொள்கின்றன. அம்மோனியா குறைகிறது. பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொடிப்பொடியான திரளாக மிதக்கின்றன. இதைத்தான் பயோபிளாக் என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை விஷத்தை அழிப்பதில்லை. தண்ணீரில் இருந்த தழைச்சத்து பாக்டீரியாவின் உடம்புக்குள் இடம் மாறியிருக்கிறது. களத்தில் கிடந்த நெல்லை மூட்டை கட்டி வைத்த மாதிரி. அந்தப் பாக்டீரியா செத்து அழுகினால் மூட்டை அவிழ்ந்து எல்லாம் பழையபடி தண்ணீருக்கே வந்துவிடும்.

கண்ணாடித் தொட்டிக்காரர்கள் செய்வது

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி, பவளமும் வண்ண மீனும் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நாள்பட்ட தொட்டியில் அம்மோனியா எல்லாம் நைட்ரேட்டாக மாறிச் சேர்ந்துகொண்டே போகும். மீன் தாங்கினாலும் பவளம் தாங்காது. அதைக் குறைக்க அவர்களும் இதே தந்திரத்தைத்தான் கையாளுகிறார்கள். சிலர் சர்க்கரை போடுகிறார்கள், சிலர் வினிகர் விடுகிறார்கள், சிலர் வோட்கா என்ற சாராயத்தையே விடுகிறார்கள். பாக்டீரியாவுக்குப் பேதமில்லை. அதற்கு வேண்டியது கரிச்சத்து.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அளவு. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லி, அதாவது இரண்டே சொட்டு என்று ஆரம்பிக்கிறார்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு அதை இரண்டு மடங்காக்குகிறார்கள். பிறகு வாரத்துக்கு வாரம், சோதித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டு ஊற்றினால் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, ஆக்சிஜன் தீர்ந்து, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். இரண்டு, அறுவடை. நுரை பொங்க வைத்துப் பாக்டீரியாவை வடித்து எடுக்கும் ஒரு கருவியைத் தொட்டியோடு இணைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் சாராயம் விடுவதில்லை. வளர்ந்த பாக்டீரியாவை வெளியே எடுத்தால்தான் நைட்ரேட் உண்மையிலேயே குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் குட்டையில் நுரைக் கருவி இல்லை. ஆனால் நம்மிடம் இறால் இருக்கிறது. வெனாமி இறால் இந்தத் திரளைத் தின்னும். பெலிஸ் என்ற நாட்டில் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இறாலின் உடம்பில் சேர்ந்த தழைச்சத்தில் நூற்றுக்கு 18 முதல் 29 பங்கு வரை இந்தத் திரளிலிருந்து வந்ததாகக் கண்டார்கள். கழிவாகப் போனது மறுபடி தீனியாகத் திரும்புகிறது. மிஞ்சிய திரளை நாம்தான் வெளியேற்ற வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு ஊற்றுவது?

இனிக் கணக்குக்கு வருவோம். தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி யோராம் அவ்னிமெலெக் 1999-ல் வெளியிட்ட எளிமையான கணக்கு இது. 1 கிலோ தழைச்சத்தைப் பாக்டீரியா பிடித்துக்கொள்ள 20 கிலோ மாவுச்சத்து அல்லது சர்க்கரை வேண்டும். எப்படி? 20 கிலோவில் ஏறத்தாழ பாதி, அதாவது 10 கிலோ, கரிச்சத்து. அதில் 6 கிலோவைப் பாக்டீரியா மூச்சாகச் செலவழித்துவிடும். 4 கிலோதான் உடம்பில் சேரும். அந்த 4 கிலோவோடு 1 கிலோ தழைச்சத்து சேரும்.

உங்கள் குட்டைக்கு ஒரு நாளைக்கு 20 கிலோ தீவனம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 35 பங்கு புரதம் என்றால் 7 கிலோ புரதம். புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் தழைச்சத்து கிடைக்கும். 1 கிலோ 120 கிராம் வருகிறது. அதில் பாதி அம்மோனியாவாகத் தண்ணீருக்கு வருவதாகக் கொண்டால் 560 கிராம். அதை 20-ஆல் பெருக்கினால் 11 கிலோ 200 கிராம் சர்க்கரை. மொலாசஸில் ஏறத்தாழ பாதிதான் சர்க்கரை என்பதால் மொலாசஸாக 22 கிலோ.

"அப்ப தினமும் 22 கிலோ ஊத்திடலாமா?" என்று கேட்காதீர்கள். இது முழுக் கணக்கு. தார்ப்பாய் விரித்து, இரவும் பகலும் ஏரேட்டரை ஓடவிட்டு, தண்ணீரே மாற்றாமல் நடத்துகிற பயோபிளாக் குட்டைக்கு உரிய கணக்கு. நம்முடைய மண் குட்டையில் பாசியும் ஒரு பங்கு அம்மோனியாவை எடுத்துக்கொள்கிறது. அடிமண்ணில் உள்ள பாக்டீரியாவும் வேலை செய்கிறது. ஆகவே இதில் கால் பங்கில் தொடங்குங்கள். 20 கிலோ தீவனத்துக்குச் சர்க்கரை என்றால் 3 கிலோ, மொலாசஸ் என்றால் 5 அல்லது 6 கிலோ. மூன்று நான்கு நாள் விட்டு அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். மொத்த அம்மோனியா 1 பி.பி.எம்.-க்குக் கீழே நின்றால் அந்த அளவே போதும்.

ஆக்சிஜன்: வரவும் செலவும்

மொலாசஸுக்குக் கொடுக்கிற காசு மட்டும்தான் செலவு என்று நினைக்கிறீர்கள். உண்மையான செலவு ஆக்சிஜன். பாக்டீரியாவும் மூச்சு விடுகிற உயிர்தான். 1 கிலோ சர்க்கரையைத் தின்று முடிக்க அதற்கு 600 முதல் 800 கிராம் வரை ஆக்சிஜன் வேண்டும்.

ஒரு ஏக்கர் குட்டை, சுமார் 4,000 சதுர மீட்டர். தண்ணீர் ஆழம் 1.2 மீட்டர். மொத்தம் 4,800 கன மீட்டர் தண்ணீர். 1 பி.பி.எம். என்பது ஒரு கன மீட்டருக்கு 1 கிராம். ஆக்சிஜன் 5 பி.பி.எம். இருந்தால், அந்தக் குட்டை முழுவதிலும் உள்ள ஆக்சிஜன் 24 கிலோதான். இதில் 3 பி.பி.எம்.-க்குக் கீழே போனால் இறால் திணறும். ஆக, நாம் செலவழிக்கக் கையில் உள்ளது 2 பி.பி.எம்., அதாவது 10 கிலோவுக்கும் குறைவு.

இப்போது ஒருவர் சோதித்துப் பார்க்கிறார். அம்மோனியாத் தழைச்சத்து 1 பி.பி.எம். இருக்கிறது. குட்டை முழுவதற்கும் 4 கிலோ 800 கிராம். 20-ஆல் பெருக்குகிறார். 96 கிலோ சர்க்கரை வருகிறது. கணக்கு சரி. சாயங்காலம் ஆளைக் கூப்பிட்டு 96 கிலோவையும் கரைத்து ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போகிறார். அந்தச் சர்க்கரை கேட்கிற ஆக்சிஜன் குறைந்தது ஏறத்தாழ 58 கிலோ. குட்டையில் இருப்பதோ 24. இரவில் வெயில் இல்லை, பாசி ஆக்சிஜன் கொடுக்காது, அதுவும் சேர்ந்து மூச்சு வாங்கும். இறாலுக்கும் வேண்டும், அடிச்சேற்றுக்கும் வேண்டும். நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டரைக் கிளப்ப அரை மணி தாமதமானால் முடிந்தது கதை. விடியற்காலையில் கரை ஓரமெல்லாம் இறால் செத்து ஒதுங்கும். "மருந்து சரியில்லை, மொலாசஸில் கலப்படம்" என்று அவர் சொல்வார். மருந்து சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. வேலைக்குக் கூலி கொடுக்கக் குட்டையில் ஆக்சிஜன் இல்லை.

ஆகவே, மண் குட்டையில் எவ்வளவு அவசரமானாலும் ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ சர்க்கரையை, அதாவது 20 கிலோ மொலாசஸை, மிஞ்ச வேண்டாம். 10 கிலோ சர்க்கரை அதிகபட்சம் 8 கிலோ ஆக்சிஜன் கேட்கும். கையிருப்புக்குள் அடங்கும். ஏரேட்டரும் பகல் வெயிலும் அதை ஈடுகட்டிவிடும். "அம்மோனியா ஏறிக்கிடக்குதே, பத்து நாள் பொறுக்க முடியுமா?" என்றால், அந்த நேரத்தில் முதல் மருந்து சர்க்கரை இல்லை, தீவனத்தைக் குறைப்பது. ஒரு நாள், இரண்டு நாள் தீவனத்தைப் பாதியாக்குங்கள். தட்டில் போட்ட தீவனம் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் மிச்சம் இருந்தால், அடுத்த வேளைத் தீவனத்தைக் குறைத்தே ஆக வேண்டும். உள்ளே போகிற தழைச்சத்தைத் தடுப்பது, போன பிறகு பிடிப்பதைவிடச் சுலபம். செலவும் மிச்சம்.

ஊற்றும் முறை

காலை வெயில் ஏறி, ஆக்சிஜன் கூடத் தொடங்கிய பிறகு ஊற்றுங்கள். ஒன்பது மணி, பத்து மணி நல்ல நேரம். எல்லா ஏரேட்டர்களும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மொலாசஸை அப்படியே ஊற்றினால் கனமாக அடியில் போய்ப் படியும். குட்டைத் தண்ணீரிலேயே பத்து மடங்கு கரைத்து, வடிகட்டி, ஏரேட்டர் தள்ளுகிற நீரோட்டத்தில் சுற்றிலும் தெளித்து விடுங்கள். முடிந்தால் ஒரு நாள் அளவை இரண்டாகப் பிரித்துக் காலையிலும் நண்பகலிலும் கொடுங்கள்.

சர்க்கரையும் மொலாசஸும் உடனே கரைந்து சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும். தவிடும் மாவும் மெதுவாகக் கரையும், வேகம் குறைவு. அதனால் ஆக்சிஜனையும் மெதுவாகத்தான் கேட்கும். ஆனால் நன்றாகச் சலித்து ஊறவைக்காத தவிடு அடியில் படிந்து கருஞ்சேறாகிவிடும். கவனம் தேவை.

ஏரேட்டர் போதுமா என்று பாருங்கள். ஒரு குதிரைசக்தி ஏரேட்டர் 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும் என்பது அனுபவக் கணக்கு. அது இறாலுக்கு மட்டும். பாக்டீரியாவையும் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் சேர்த்து வேண்டும்.

இன்னொன்று, காரத்தன்மை. பாக்டீரியா தழைச்சத்தைப் பிடிக்கும்போது தண்ணீரின் காரத்தன்மையையும் கொஞ்சம் தின்னும். மூச்சுவிட்டுக் கரியமில வாயுவையும் சேர்க்கும். பி.எச். இறங்கும். காரத்தன்மை 100 பி.பி.எம்.-க்குக் கீழே போகாமல் வாரத்துக்கு ஒரு தடவை சோதித்து, தேவைப்பட்டால் சோடா உப்போ விவசாயச் சுண்ணாம்போ சேருங்கள்.

எப்போது ஊற்றக் கூடாது?

சூரியன் சாய்ந்த பிறகு ஊற்றாதீர்கள். மேகமூட்டமான நாளிலும் மழை நாளிலும் ஊற்றாதீர்கள். விடியற்காலை ஆக்சிஜன் 4 பி.பி.எம்.-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு ஊற்றாதீர்கள். பாசி திடீரென்று செத்துத் தண்ணீர் நிறம் மாறியிருந்தால் ஊற்றவே ஊற்றாதீர்கள். செத்த பாசியைத் தின்கிற பாக்டீரியாவே அன்றைக்கு ஆக்சிஜனைக் காலி செய்துகொண்டிருக்கும். ஜெனரேட்டர் பழுதாகிக் கிடக்கும்போதும் ஊற்றாதீர்கள்.

நைட்ரைட் ஏறிவிட்ட பிறகு சர்க்கரையை நம்பாதீர்கள். பாக்டீரியா அம்மோனியாவைத்தான் முதலில் எடுக்கும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தொடாது. அப்போது தீவனத்தைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, தேக்கிச் சுத்தம் செய்து வைத்த தண்ணீரை மாற்றுங்கள். உப்புத்தன்மை குறைந்த குட்டைகளில் நைட்ரைட்டின் கொடுமை அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

திரளை அளந்து பாருங்கள்

இனிப்பு ஊற்ற ஆரம்பித்த பிறகு திரளை அளப்பது அவசியம். அடி கூம்பின ஒரு லிட்டர் அளவுக் குடுவை கடைகளில் கிடைக்கிறது. குட்டைத் தண்ணீரை அதில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் படிகிற திரள் 10 முதல் 15 மில்லிக்குள் இருந்தால் இறாலுக்கு நல்லது. அதைத் தாண்டினால் இனிப்பை நிறுத்துங்கள். திரள் மிஞ்சினால் செவுளில் அடைக்கும், ஆக்சிஜனைத் தின்னும், அடியில் படிந்து அழுகும். 1 கிலோ தழைச்சத்தைப் பிடிக்கிற பாக்டீரியா, காய்ந்த எடையில் ஏறத்தாழ 8 கிலோ திரளாகும் என்றால் எவ்வளவு சேரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வடிகால் உள்ள குட்டையானால் ஏரேட்டர் சுழற்சியில் கழிவு நடுவுக்கு ஒதுங்கும். அதைத் திறந்துவிட்டு வெளியேற்றலாம். ஆனால் எங்கே? வாய்க்காலில் இல்லை. கழிவுநீர்க் குளத்தில் தேக்கி, படியவைத்து, பிறகுதான் வெளியே விட வேண்டும். இது சட்டம் மட்டுமல்ல. உங்கள் குட்டைக் கழிவு நாளைக்கு உங்கள் ஊர்க் குழாயிலும், உங்கள் சித்தப்பா வயலிலும் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக.

சுருக்கமாகச் சொன்னால்

விவசாயப் பெருமக்களே, நாம் பார்த்தவற்றை நான்கே வரியில் சொல்கிறேன். இதை எழுதி மோட்டார் கொட்டகையில் ஒட்டிவையுங்கள். முதலில் தீவனத்தைக் குறை. தீவனத்தைக் கணக்கிட்டு இனிப்பைக் கொடு, கால் பங்கில் தொடங்கு. காலையில் கொடு, காற்றோட்டத்தோடு கொடு. வளர்ந்த திரளை அளந்து, மிஞ்சியதை வெளியே எடு.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது இறால் குட்டைக்கும் பொருந்தும். மொலாசஸ் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவனுக்குச் சாப்பாடு போட ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேலைக்குக் கூப்பிட வேண்டும். சோதனைக் கிட்டுக்கும் ஆக்சிஜன் மீட்டருக்கும் செலவழிக்கத் தயங்காதீர்கள். ஒரு குட்டை இறாலின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் தங்கள் பகுதி மீன்வளத்துறை அலுவலரை அணுகுங்கள். சென்னையில் 1987 முதல் இயங்கிவரும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்திலும், நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போகும்போது உங்கள் குட்டையின் அளவு, ஆழம், அன்றாடத் தீவனம், ஏரேட்டர் எண்ணிக்கை, காலை மாலை ஆக்சிஜன், பி.எச்., அம்மோனியா ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். நோட்டைப் பார்த்தால்தான் அவர்களும் உங்கள் குட்டைக்கு ஏற்ற அளவைச் சொல்ல முடியும்.